ஏரோப்ளேன் தாத்தாவைத் தேடி வடசென்னையில் ஐந்து நாள்

செப்டம்பர் 18, புதன். ராயபுரம்

அம்மாவுடைய தாய்மாமன் அவர். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஏரோப்ளேன் தாத்தா. இரண்டாம் உலகப்போரில் ஹரிகேன் என்ற போர் விமானம் ஓட்டியவர், 1946இல் படையை விட்டு வந்து துறைமுகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார், 1974இல் இறந்துபோனார். போரைப் பற்றி அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அதனாலேயே கதைகள் மட்டும் வளர்ந்துவிட்டன. ஆறு ஜப்பான் விமானத்தைச் சுட்டார் என்பது ஒன்று. ராயபுரம் வீட்டுக்கு மேல் தாழப் பறந்து வந்தார், பாட்டி மொட்டைமாடியில் நின்று தம்பிக்குக் கையாட்டினாள், அவர் இறக்கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார் என்பது இன்னொன்று. இரண்டாவது கதையைச் சொல்லும்போது பாட்டி நிஜமாகவே கையைத் தூக்கி ஆட்டுவாள், அது எனக்கே நினைவிருக்கிறது.

கையில் இருந்தது ஒரு போட்டோவும் ஒரு மெடலும்தான். போன வருடம்தான் மெடலின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், பெயரும் படை எண்ணும் சின்ன எழுத்தில் பொறித்திருந்தது. அந்தப் போரில் பிரிட்டன்காரர்களுக்குக் கொடுத்த மெடல்களில் பெயர் போடவில்லை, இந்தியப் படைகளுக்குக் கொடுத்தவற்றில் போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது கிடந்தால் பாலிஷ் போடுகிறேன் என்று விளிம்பைத் தேய்த்துவிடாதீர்கள், படை எண் இல்லாமல் எந்த ஆவணக் காப்பகத்திலும் நகர முடியாது.

குடும்பம் இரண்டாகப் பிரிந்தது 1942 ஏப்ரலில். ஈஸ்டர் அன்று கொழும்பில் ஜப்பான்காரர்களின் குண்டு விழுந்தது, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே கிளம்பியது, ஹைகோர்ட்டைக்கூடக் கோவைக்கு மாற்றினார்கள். பாட்டியும் அவள் கணவரும், அதாவது என் சொந்தத் தாத்தாவும், அந்தக் கூட்டத்தோடு கோவை வந்தவர்கள்தான், அப்படியே தங்கிவிட்டார்கள். பாட்டியின் அண்ணன் குடும்பம் மட்டும் ராயபுரத்திலேயே இருந்துகொண்டது. அவருடைய மகள் இன்னும் இருக்கிறார், 90 வயது, அம்மாவுக்கு அண்ணி முறை, எனக்கு அத்தை. அவர் வீட்டில் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கிறது என்று ஒரு கல்யாணத்தில் யாரோ சொல்ல, அம்மா என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் நாள் பழைய வீட்டைத் தேடினோம். எங்களிடம் இருந்த முகவரியில் பழைய எண்தான். தெருவில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, சில கதவில் இரண்டுமே இல்லை. கல்மண்டபம் பக்கத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தோம், காற்றே இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, அம்மாவின் செருப்பு வார் அறுந்தது. தப்பான வீட்டில் கதவைத் தட்டினோம். அந்த அம்மா யார் என்னவென்றுகூடக் கேட்கவில்லை. "மொதல்ல உள்ள வந்து குந்துங்க, அப்பால பேசலாம்" என்று ஃபேனைப் போட்டு, மோர் கொடுத்து, தன் மருமகளின் செருப்பை அம்மா காலுக்கு மாட்டிவிட்டார். திருப்பிக் கொடுக்க வரவேண்டாம் என்றார். மகனைக் கூடவே அனுப்பி வைத்தார்.

வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம், கீழே செல்போன் கடை. அம்மா எதிர்ப்பக்கம் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு புறாக்கூண்டு தெரிந்தது.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கியது, புளித்தண்ணீர், வறுத்த பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள், கூடவே வாழைத்தண்டு சூப், சூப்புக்குத் தனியாகக் காசு இல்லை. இரண்டு பிளேட் அத்தோ, இரண்டு முட்டை, 200 ரூபாய். தாத்தா பறந்த பக்கத்துச் சாப்பாடு இது என்று அம்மாவிடம் சொன்னேன். புளிப்பு நல்லாருக்கு என்று இன்னொரு சூப் வாங்கிக் குடித்தார்.

செப்டம்பர் 19, வியாழன். கொருக்குப்பேட்டை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் 40 நிமிடம் நின்றோம். ஒரு கூட்ஸ் போனது, கேட் திறக்கப் போகிறது என்று எல்லாரும் வண்டியைக் கிளப்பினார்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கூட்ஸ். ஆட்டோக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, அம்மாவுக்கு வெயில் படாமல் ஒரு துண்டை எடுத்துப் பக்கவாட்டில் கட்டினார். பேசியது 150. இறங்கும்போது அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

அத்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. "யாரு, கோயமுத்தூராளா? வா கண்ணு, கிட்ட வா" என்று அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். "அப்டியே அத்த மூஞ்சிதான்." அம்மா அழுதுவிட்டார். முப்பது வருடமாகப் பார்த்துக்கொள்ளாதவர்கள்.

பெட்டியை அத்தையின் பேரன் பரணிலிருந்து இறக்கினான். அவன் கண்டெய்னர் லாரியில் வேலை, ராத்திரி டூட்டி முடித்துவிட்டுத் தூங்காமல் எங்களுக்காக உட்கார்ந்திருந்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதாம், பெட்டி இரண்டு நாள் மூழ்கிக் கிடந்திருக்கிறது. உள்ளே துருப்பிடித்த பக்கிள், கறுத்துப்போன தோல் உறை, அதற்கடியில் நீலத்துணி அட்டை போட்ட ஒரு நோட்டு. விமானியின் லாக்புக், பறந்த கணக்கையெல்லாம் எழுதி வைக்கும் புத்தகம்.

இதைப் பற்றிப் படித்திருந்தேன், கையில் எடுத்தது அன்றுதான். முதல் மூன்றில் ஒரு பங்கு பக்கங்கள் பிரிகின்றன. மிச்சம் செங்கல் மாதிரி ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருக்கிறது. இடது பக்கத்தில் தேதி, விமானத்தின் வகை, அதன் எண், ஓட்டியவர், கூட வந்தவர், என்ன வேலை. வலது பக்கம் முழுக்க மணிக்கணக்கு. தொடக்கப் பக்கங்களில் ஓட்டியவர் என்ற கட்டத்தில் வேறு வேறு வாத்தியார்களின் பெயர், கூட வந்தவர் என்ற கட்டத்தில் "செல்ஃப்". பேகம்பேட்டை, டைகர் மாத் விமானம், முப்பது நிமிடம், நாற்பது நிமிடம். ஒரு பக்கத்தின் நடுவில் அந்த "செல்ஃப்" இடது கட்டத்துக்கு மாறுகிறது, பக்கத்துக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும். பத்து நிமிடம். முதல் தடவை தனியாகப் பறந்திருக்கிறார். அதற்கப்புறம் அந்தப் பத்தியில் மேலிருந்து கீழே பார்த்தால் செல்ஃப், செல்ஃப், செல்ஃப் என்று ஒரே மாதிரிக் கையெழுத்து. அம்பாலாவில் ஹார்வர்ட் என்ற பயிற்சி விமானம், ரிசால்பூரில் ஹரிகேன். இரவில் பறந்தது மட்டும் சிவப்பு மை. தண்ணீரில் நீல மை கலங்கிப்போனாலும் சிவப்பு அப்படியே இருக்கிறது.

மாதக் கடைசியில் ஸ்குவாட்ரன், அதாவது விமானப்படைப் பிரிவின், முத்திரையும் கமாண்டரின் கையெழுத்தும். அந்த முத்திரையில்தான் 6 என்ற எண்ணைப் பார்த்தேன். 1942 டிசம்பரில் திருச்சியில் தொடங்கிய 6ஆம் ஸ்குவாட்ரன், மெஹர் சிங் தலைமை, அப்புறம் பர்மாவின் அரக்கான் பக்கம் போய் பிரிட்டிஷ் 14ஆம் ராணுவத்தின் கண்கள் என்று பெயர் வாங்கியது. எங்கள் தாத்தா அதில் இருந்தார் என்பது 80 வருடத்துக்கு அப்புறம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிகிறது.

பிரிகிற பக்கங்களில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தேன். ஒரு வரியில் கை நின்றுவிட்டது. 1943 ஜனவரி 23. ஹரிகேன். செல்ஃப். ட்ரிச்சினாபொலி, மெட்ராஸ், ட்ரிச்சினாபொலி. கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர்விட்டு ஊர் பறக்கும் பயிற்சி. இரண்டு மணி பத்து நிமிடம்.

"இதுதான்! அம்மா மாடியில நின்னு பார்த்தது!" என்று கத்தினார் அம்மா. அப்புறம் அவர் முகம் மாறியது. விரல்விட்டு ஏதோ எண்ணினார். என் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, பிறந்தது கோவையில், 1943 ஜனவரி 20. பாட்டி அன்று கோவையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்று நாள் குழந்தையோடு இருந்திருக்கிறாள். ராயபுரம் மாடியில் இல்லை.

அறையில் யாரும் பேசவில்லை. அத்தைதான் ஆரம்பித்தார். "உங்கம்மா ஏது கண்ணு அங்க? நான்தான் இருந்தன். எட்டு வயசு எனக்கு. மாடில எங்கம்மா வத்தல் காயவெச்சிருந்தாங்க. ரெண்டு தபா வந்துச்சி. மொத தபா சத்தம் கேட்டு எங்கம்மா ஜப்பான்காரன்தான்னு என்னைத் தூக்கிக்கினு ஓட்னாங்க. ரெண்டாந்தபா எங்கப்பாரு பாத்துட்டு, டேய் நம்ம பையன்டான்னு கத்துனாரு. கையெல்லாம் யாரும் ஆட்டல, எல்லாரும் காதப் பொத்திக்கினு நின்னோம். எதிர்வூட்டுப் புறா அத்தனியும் பறந்துபோச்சி, ஒரு வாரம் கூண்டுக்கே வரல, அவன் வந்து எங்கப்பார்கிட்ட சண்ட போட்டான்."

அப்புறம் ஒன்று சொன்னார். கோவையிலிருந்து குழந்தை பிறந்த சேதி வந்ததும், அவர் அப்பாதான் திருச்சிக்குத் தந்தி அடித்தாராம்.

சாப்பிடாமல் போகவிடவில்லை. சுறாப்புட்டு, ரசம், சோறு. லாக்புக்கை நீயே வைத்துக்கொள் என்றார் அத்தை. வேண்டாம், இங்கேயே இருக்கட்டும், படம் போதும் என்றார் அம்மா. பேரன் அந்தக் கட்டியைக் கத்தியால் மெதுவாகப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டான். செய்யாதே தம்பி என்றேன். பிரிக்கத் தெரிந்தவர்கள் கைக்குப் போகும்வரை உலர்ந்த இடத்தில் வெள்ளைத்துணி சுற்றி வைத்தால் போதும், ஹேர் டிரையர், அயர்ன்பாக்ஸ் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. நனைந்த லாக்புக் வைத்திருக்கிற எல்லாருக்குமே இதைச் சொல்கிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி. சோழவரம், புழல்

காலையில் ஒரு அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவு கேட்டு இரண்டு மணி நேரம் நின்றோம். வேறு வருடத்துப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படி யாரும் இல்லை என்றார்கள், சரியான வருடத்தைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மூடிவிட்டார்கள். எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. 72 வயதுப் பெண்மணி நிற்கிறார், ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

சரி என்று சோழவரம் கிளம்பினோம். போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம் அங்கே இருக்கிறது, பிற்பாடு அதில்தான் பல வருடம் கார் ரேஸ் நடந்தது. வழி கேட்டவர்களில் ரேஸ் பார்த்த கதையைச் சொன்னவர்கள் நான்கு பேர், விமானத்தைப் பற்றிச் சொன்னவர் ஒருவரும் இல்லை. உள்ளே போக முடியவில்லை. வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இருட்டிக்கொண்டு மழை பிடித்தது, குடையை ரூமில் வைத்துவிட்டு வந்திருந்தோம். ஒரு பஞ்சர் கடையில் ஒதுங்கினோம். கடைக்காரர் அம்மாவுக்கு டயரைப் போட்டு அதன்மேல் கோணியை விரித்துக் கொடுத்தார், பக்கத்திலிருந்து டீ வரவழைத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் புழல் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம். சென்னை குடிக்கிற இந்தத் தண்ணீரில்தான் 1942 முதல் கேட்டலினா என்ற கடல் விமானங்கள் இறங்கி ஏறின, 240ஆம் ஸ்குவாட்ரன். இங்கிருந்து வங்கக்கடல் முழுக்கச் சுற்றிவிட்டு வருவார்கள். எங்கேயும் ஒரு பலகைகூட இல்லை. ஒரு கல் நட்டு நாலு வரி எழுதினால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியுமே என்று இருந்தது.

ராத்திரி லண்டனில் இருக்கும் சித்தி மகனுக்கு ஸ்குவாட்ரன் எண்ணும் தேதிகளும் அனுப்பினேன். அங்கே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் ஸ்குவாட்ரன்களின் தினசரிப் பதிவுகள் இருக்கின்றன. ஃபார்ம் 540 என்பது அன்றன்றைக்கு நடந்ததன் சுருக்கம், 541 என்பது யார் எந்த விமானத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கினார் என்ற விவரம். ஸ்குவாட்ரன் தெரியாமல் அதில் இறங்கினால் கடலில் ஊசி தேடுவதுதான். போரில் இறந்தவர்கள் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறைக் கமிஷனின் இணையதளத்தில் பெயரைப் போட்டாலே வந்துவிடும். உயிரோடு வந்து துறைமுகத்தில் கணக்கு எழுதியவர்களைத் தேடுவதுதான் பெரும்பாடு.

செப்டம்பர் 21, சனி. திருவொற்றியூர்

லாக்புக்கில் ஒரு பக்கம் அம்மாவை ராத்திரியெல்லாம் தூங்கவிடவில்லை. விமானியின் திறமையை மதிப்பிடும் படிவம். அதில் தட்டச்சில் அடித்திருப்பது ஒரே வார்த்தை: ஆவரேஜ்.

"சுமார்னா போட்டிருக்கான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ரூம் எடுத்த இடத்தில் இருந்தவர் தன் மாமனார் விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொல்ல, மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி போய் அவரைப் பார்த்தோம். பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலிலேயே நின்றிருந்தார். போன் திரையில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா, இதுக்கா வருத்தப்படறீங்க? முக்கால்வாசிப் பேருக்கு இதைத்தாம்மா போடுவாங்க. ஆவரேஜ்னா அந்த வேலைக்குத் தகுதியானவர்னு அர்த்தம். தகுதி இல்லைன்னா பாதியிலயே திருப்பி அனுப்பியிருப்பாங்க, ஹரிகேன்ல ஏத்தியே இருக்க மாட்டாங்க."

பிப்ரவரி 1944 பக்கத்தையும் அவர்தான் விளக்கினார். வேலை என்ற கட்டத்தில் வரிக்கு வரி "டாக் ஆர்" என்று இருக்கிறது. எதிரி எங்கே இருக்கிறான் என்று தாழப் பறந்து பார்த்துவிட்டு வருகிற வேலை. இரண்டு இரண்டு விமானமாகப் போவார்கள், ஒருவர் கீழே பார்ப்பார், மற்றவர் பின்னால் காவல். புத்திடாங், மாங்டா, மாயூ மலைத்தொடர். ஒரே நாளில் இரண்டு வரி, ஒன்று ஒரு மணி 35 நிமிடம், இன்னொன்று ஒரு மணி 40 நிமிடம். சுட்டு வீழ்த்தியதாக ஒரு வரியும் இல்லை. "சண்டைக்குப் போறதில்லீங்க இது. பார்த்ததைப் பத்திரமா திருப்பிக் கொண்டுவரணும், அதான் வேலை. அந்தக் காடு, அந்த மலை, கீழேருந்து சுடுவான். ஒவ்வொரு தடவையும் போய்ட்டு வந்திருக்கார் பாருங்க."

ராயபுரம் வீட்டுக்கு மேல் பறந்ததைச் சொன்னோம். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அனுமதி இல்லாமல் தாழப் பறந்தால் கோர்ட் மார்ஷல் வரைக்கும் போகும், யாராவது எண்ணைக் குறித்துப் புகார் கொடுத்திருந்தால் தாத்தாவின் விமானி வேலையே போயிருக்கும் என்றார். அதனால்தான் லாக்புக்கில் வெறும் கிராஸ் கன்ட்ரி.

அம்மா அன்று மதியம் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். நெத்திலி வறுவல் தட்டு 80 ரூபாய்.

செப்டம்பர் 22, ஞாயிறு. காசிமேடு

விடிவதற்கு முன்பே காசிமேடு போய்விட்டோம், ஞாயிற்றுக்கிழமை ஏலத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பக்கூடாது என்று ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார். வஞ்சிரம், சங்கரா, கடம்பா, கால் வைக்க இடமில்லை. 1914இல் இதே செப்டம்பர் 22 ராத்திரிதான் எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. மீன்காரம்மா ஒருவர் பேரம் பேசிய ஆளைப் பார்த்து "சரியான எம்டன்யா நீ" என்றார்.

அங்கிருந்து கல்லறைத் தோட்டம். அத்தையின் பேரனும் வந்திருந்தான், அவன்தான் இடத்தைக் காட்டினான். சின்னக் கல். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே அவர் மனைவியின் பெயர். ஸ்குவாட்ரன் இல்லை, ரேங்க் இல்லை. கல்லின் ஓரத்தில் உப்புக்காற்று பட்டுச் சுண்ணாம்பு உதிர்கிறது. அம்மா முந்தானையைத் தண்ணீரில் நனைத்து எழுத்து எழுத்தாகத் துடைத்தார். வாங்கி வந்த சாமந்தியை வைத்துவிட்டு, என்னிடம் போனை வாங்கி, பிரிகிற கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் மொத்தக் கணக்கைக் கல்லைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "நானூத்தி முப்பத்தாறு மணி, இருவது நிமிஷம், மாமா."

ராத்திரி ரயில். பெட்டி வைக்க இடம் பிடித்து உட்கார்ந்ததும் அம்மா பெரியம்மாவுக்குப் போன் போட்டார். பெரியம்மாவுக்கு 81 வயது, ஸ்பீக்கரில்தான் பேசவேண்டும்.

"அக்கா, அம்மா அன்னிக்கு மாடியில இல்லக்கா. கோயமுத்தூர்ல உன்னைப் பெத்துட்டுப் படுத்திருந்திருக்கா."

"அப்ப யாரைப் பார்க்க வந்தாராம் மாமா?"

"நீ பொறந்து மூணாம் நாள்க்கா. ரெண்டு தடவ சுத்தியிருக்கார்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பெரியம்மா தேதியை மறுபடி சொல்லச் சொன்னார், யாரிடமோ பேனா எடுத்துவரச் சொல்வது கேட்டது.